பாட்டம் குவார்க் இணைகளில் சிறுகோணத்தில் வருபவை என் உருவகப்படுத்தலில் ஏன் இல்லை?

தேன்சிட்டு கேட்டது:

வணக்கம். முதுகலை ஆய்வேட்டுக்காக, உயர் ஆற்றல் புரோட்டான் மோதல்களில் கனமான குவார்க்குகள் எப்படி உருவாகின்றன என்பதைப் படித்து வருகிறேன். பித்தியா என்ற உருவகப்படுத்தல் நிரலில் மோதல் ஆற்றலை 7 டெரா எலக்ட்ரான்வோல்ட் என்று வைத்து, இரண்டு வினைகளை மட்டும் இயக்கினேன். ஒன்றில் இரண்டு குளுவான்கள் (வன்விசையைக் கடத்தும் துகள்கள்) மோதிப் பாட்டம் குவார்க்கும் அதன் எதிர்குவார்க்கும் பிறக்கின்றன. மற்றொன்றில் இலகுவான குவார்க்கும் எதிர்குவார்க்கும் அழிந்து அதே இணையைத் தருகின்றன. பத்து லட்சம் நிகழ்வுகளை உண்டாக்கி, ஒவ்வொன்றிலும் வெளிவரும் இரண்டு பி ஹேட்ரான்களுக்கு (பாட்டம் குவார்க்கைக் கொண்ட கூட்டுத் துகள்களுக்கு) இடையே, கற்றைக்குச் செங்குத்தான தளத்தில் உள்ள கோணத்தை ஹிஸ்டோகிராமாக வரைந்தேன்.

180 டிகிரிக்கு அருகில் உயரமான முகடு ஒன்று வந்தது. கோணம் குறையக் குறைய அது சரிந்து, 30 டிகிரிக்குக் கீழே ஏறத்தாழ ஒன்றுமில்லை என்ற நிலைக்கு வந்துவிட்டது. நேருக்கு நேர் மோதிய இரண்டு துகள்களிலிருந்து பிறப்பவை எதிரெதிர்த் திசைகளில்தானே பறக்க வேண்டும் என்று நானும் திருப்தியடைந்தேன். ஆனால் செர்னின் எல்எச்சி மோதுகலனில் ஆய்வு செய்யும் சிஎம்எஸ் குழு இதே ஆற்றலில் அளந்து 2011இல் வெளியிட்ட முடிவுகளில், இரண்டு பி ஹேட்ரான்களும் ஏறக்குறைய ஒரே திசையில் செல்லும் நிகழ்வுகள் கணிசமாக இருக்கின்றன. மொத்த எண்ணிக்கையிலும் என் கணக்கு அளவீட்டைவிடத் தெளிவாகக் குறைவாக இருக்கிறது. நிரலை இயக்கியதில் எங்கே தவறு செய்தேன் என்று புரியவில்லை.

இதனுடன் சேர்ந்த வேறு இரண்டு ஐயங்களும் உண்டு. சார்ம் குவார்க் உருவாக்கத்துக்கான கோட்பாட்டுக் கணிப்பைச் சுற்றி வரையப்படும் பிழைப்பட்டை மடங்குக் கணக்கில் அகலமாக இருக்கிறது. டாப் குவார்க்குக்கோ அது சில சதவீதத்தில் அடங்கிவிடுகிறது. கனம் கூடக்கூடக் கணக்கு எளிதாவது ஏன்? அடுத்தது சற்றுச் சிறுபிள்ளைத்தனமான கேள்வி: 0.94 கிகா எலக்ட்ரான்வோல்ட் நிறையுள்ள புரோட்டானிலிருந்து, ஏறத்தாழ 172.5 கிகா எலக்ட்ரான்வோல்ட் நிறையுள்ள டாப் குவார்க் எப்படி வெளிவருகிறது?


மடக்கை எழுதியது:

உங்கள் நிரல் சரியாகவே ஓடியிருக்கிறது. நீங்கள் இயக்காமல் விட்ட வினைகளில்தான் அந்தச் சிறுகோண இணைகள் இருக்கின்றன.

பாட்டம் இணை ஒன்று உருவாக வழக்கமாக மூன்று வழிகள் சொல்லப்படும். நீங்கள் இயக்கியது முதல் வழி மட்டும்: வன்மோதலிலேயே (பெரிய உந்தப் பரிமாற்றம் நடக்கும் மோதலிலேயே) இணை பிறந்து, இரண்டும் எதிரெதிராகச் செல்கின்றன. இரண்டாவது வழியில், ஒரு புரோட்டானுக்குள் இருக்கும் குளுவான் மோதலுக்கு முன்பே பாட்டம் இணையாகப் பிளந்திருக்கிறது. மறு புரோட்டானிலிருந்து வரும் குளுவானோ குவார்க்கோ அந்த இரண்டில் ஒன்றை மட்டும் மோதித் தள்ளிவிட, மற்றது சிறிய குறுக்கு உந்தத்துடன் (கற்றைக்குச் செங்குத்தான உந்தத்துடன்) கற்றையின் திசையை ஒட்டியே போய்விடுகிறது. இந்த வகை இணைகளில் கோணம் பரவலாக எல்லா மதிப்புகளையும் எடுக்கும். மூன்றாவது வழியில் வன்மோதலில் பாட்டம் குவார்க்கே இல்லை. இரண்டு குளுவான்கள் சிதறி இரண்டு குளுவான்களாகவே வெளியேறுகின்றன, பின்னர் அவற்றில் ஒன்று பாட்டம் இணையாகப் பிளக்கிறது. தாய்க் குளுவான் எந்தத் திசையில் போனதோ அதே திசையில்தான் இரண்டு குவார்க்குகளும் போகும். நீங்கள் தேடும் சிறுகோண மேடு இதுதான்.

பிணைப்பு மாறிலியின் ஒரு படி கூடுதலாகப் பெருக்கப்படுவதால் மூன்றாவது வழி முதல் வழியைவிட மிகச் சிறியதாக இருக்க வேண்டுமே என்று தோன்றும். நானும் மாணவனாக இருந்தபோது அப்படித்தான் நினைத்தேன். முதல் படிக் கணக்கின் எண்களை எடுத்துப் பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும். நிறை மைய அமைப்பில் 90 டிகிரிச் சிதறலை மட்டும் எடுத்துக்கொண்டால், இரண்டு குளுவான்கள் இரண்டு குளுவான்களாகச் சிதறும் வினையின் வலிமை ஏறத்தாழ 30 என்றால், அதே இரண்டு குளுவான்கள் நிறையற்றதாகக் கொள்ளப்பட்ட ஒரு வகைக் குவார்க்கின் இணையாக மாறும் வினையின் வலிமை ஏறத்தாழ 0.15தான். இடையே இருநூறு மடங்கு வேறுபாடு. ஐம்பது கிகா எலக்ட்ரான்வோல்ட் குறுக்கு உந்தத்துடன் வெளியேறும் குளுவான் பாட்டம் இணையாகப் பிளக்கும் வாய்ப்பைத் தாளில் தோராயமாகக் கணக்கிட்டால் மூன்று நான்கு சதவீதம் வரும். அந்தச் சில சதவீதம் இருநூறால் பெருக்கப்படும்போது சிறிய எண்ணாக நிற்பதில்லை. பிளவில் உந்தம் இரண்டாகப் பகிரப்படுவதாலும், குறுக்கு உந்தம் ஏற ஏற நிறமாலை செங்குத்தாகச் சரிவதாலும் இந்த ஆதாயத்தின் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது என்பது உண்மையே. எஞ்சுவது முதல் வழியோடு ஒப்பிடத்தக்க அளவில் நிற்கிறது. சிஎம்எஸ் அளவீட்டில், நிகழ்வின் முன்னணித் தாரையின் (ஒரே திசையில் பாயும் துகள்கொத்துகளில் மிகுந்த உந்தமுள்ளதன்) குறுக்கு உந்தம் கூடக்கூடச் சிறுகோணப் பங்கும் கூடுவதைக் கவனித்திருப்பீர்கள். ஆற்றல் மிக்க குளுவானுக்குப் பிளக்க மடக்கை அளவில் அதிக இடம் கிடைப்பதன் விளைவு அது.

ஆகவே பாட்டம் வினைகளை மட்டும் தேர்ந்தெடுக்காமல், வன்விசையின் எல்லா வன்மோதல் வினைகளையும் இயக்கி, பிறகு பி ஹேட்ரான் உள்ள நிகழ்வுகளை வடிகட்டுங்கள். அப்போது வன்மோதலின் குறுக்கு உந்தத்துக்கு ஒரு கீழ் வரம்பு கொடுத்தாக வேண்டும், ஏனெனில் நிறையற்ற துகள்களின் சிதறல் குறுக்குவெட்டு (வினை நடக்கும் வாய்ப்பின் அளவு), குறுக்கு உந்தம் சுழியை நெருங்கும்போது எல்லையின்றிப் பெருகும். பாட்டம் இணை வினையில் அந்தத் தொல்லை இல்லை. குவார்க்கின் நிறையே அங்கே அணை போட்டுவிடுகிறது.

இதிலிருந்தே உங்கள் இரண்டாவது ஐயத்துக்கும் போகலாம். வன்விசையின் பிணைப்பு மாறிலி ஆற்றல் அளவு கூடக்கூடச் சிறுத்துக்கொண்டே வருவது. சார்ம் குவார்க்கின் நிறையான 1.3 கிகா எலக்ட்ரான்வோல்ட் அளவில் அது 0.4ஐ நெருங்குகிறது, பாட்டம் குவார்க்கின் 4.2இல் 0.22 அளவில் இருக்கிறது; டாப் குவார்க்கின் நிறையில் 0.11க்குக் கீழே இறங்கிவிடுகிறது. உலைவுத் தொடரில் (பிணைப்பு மாறிலியின் படிகளாக விரியும் கணக்கில்) ஒவ்வொரு உறுப்பும் முந்தையதைவிட எவ்வளவு சிறியது என்பதை இந்த எண்தான் தீர்மானிக்கிறது. பிழைப்பட்டை வரையும் வழக்கத்தையும் நினைத்துப் பாருங்கள்: கணக்கில் நாம் விருப்பப்படி வைத்த ஆற்றல் அளவைப் பாதியாகவும் இருமடங்காகவும் மாற்றி, விடை எவ்வளவு அசைகிறது என்று பார்க்கிறோம். டாப் குவார்க்குக்கு இதில் சிக்கலில்லை. சார்ம் குவார்க்கின் நிறையைப் பாதியாக்கினால் 0.65 கிகா எலக்ட்ரான்வோல்டுக்கு வந்துவிடுகிறோம், அங்கே உலைவுக் கணக்கு என்ற பேச்சுக்கே இடமில்லை. என்னைக் கேட்டால், அந்த அகலமான பட்டையின் கீழ் விளிம்பையும் மேல் விளிம்பையும் ஓர் எச்சரிக்கைப் பலகையாகப் படிப்பதே நேர்மையானது. புள்ளியியல் பிழை போல அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது.


புறவெளி எழுதியது:

மூன்றாவது கேள்வி சிறுபிள்ளைத்தனமானது அன்று. புரோட்டானின் ஓய்வு நிறை இங்கே கணக்கிலேயே வருவதில்லை. அதன் இயக்க ஆற்றல்தான் டாப் குவார்க்கின் நிறையாக மாறுகிறது. 13 டெரா எலக்ட்ரான்வோல்ட் மோதலில் ஒவ்வொரு புரோட்டானிடமும் 6,500 கிகா எலக்ட்ரான்வோல்ட் இருக்கிறது. டாப் இணைக்குக் குறைந்தது 345 தேவை. அதாவது, மோதும் இரண்டு குளுவான்களும் தத்தம் புரோட்டானின் உந்தத்தில் சராசரியாக 2.7 சதவீதம் சுமந்து வந்தால் போதும். அவ்வளவு சிறிய பங்கைச் சுமக்கும் குளுவான்கள் புரோட்டானில் மலிந்து கிடக்கின்றன. ஆகவே இந்த ஆற்றலில் டாப் இணைகளில் பத்தில் ஒன்பது பங்கு குளுவான்களிலிருந்தே பிறக்கின்றன.

1995இல் டாப் குவார்க்கைக் கண்டறிந்த அமெரிக்க முடுக்கியான டெவட்ரானில் நிலைமை தலைகீழ். அங்கே மோதல் ஆற்றல் 1.8 டெரா எலக்ட்ரான்வோல்ட் என்பதால், ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 19 சதவீத உந்தத்தைக் கொண்டுவர வேண்டியிருந்தது. அத்தனை பெரிய பங்கைச் சுமப்பவை பெரும்பாலும் புரோட்டானின் அடிப்படைக் குவார்க்குகள்தான். எதிர்ப்பக்கத்தில் எதிர்புரோட்டான் இருந்ததால் எதிர்குவார்க்குகளும் தாராளமாகக் கிடைத்தன. அதனால் அங்கே குவார்க்–எதிர்குவார்க் அழிவே பெரும்பங்கு வகித்தது. டாப் இணையின் குறுக்குவெட்டு டெவட்ரானில் ஏறத்தாழ 7 பிக்கோபார்ன் (பார்ன் என்பது குறுக்குவெட்டின் அலகு). 13 டெரா எலக்ட்ரான்வோல்டில் 830 பிக்கோபார்ன். ஆற்றல் ஏழு மடங்கு கூடியதற்கு விளைச்சல் நூறு மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது.

பாட்டம் இணைக்கு இதே 13 டெரா எலக்ட்ரான்வோல்டில் குறுக்குவெட்டு 500 மைக்ரோபார்ன் அளவில் வருகிறது. மொத்த மீள்சக்தியற்ற மோதல் 80 மில்லிபார்ன் அளவு என்பதால், நூற்றைம்பது மோதல்களுக்கு ஒன்று என்ற கணக்கில் பாட்டம் இணை பிறக்கிறது. டாப் இணையோ பத்துக் கோடி மோதல்களுக்கு ஒன்று.


கண்ணிவரை எழுதியது:

மடக்கை அவர்கள் சொன்ன மூன்று வழிகளைப் பற்றி ஒரு மறுப்பைப் பதிவு செய்ய விரும்புகிறேன். கற்பிப்பதற்கு அவை நல்ல கருவிகள். ஆய்வேட்டில் எழுதும்போது அவற்றை இயற்கையிலேயே தனித்தனியாக இருக்கும் மூன்று நிகழ்வுகள் போல எழுதிவிடாதீர்கள். நேசன், டாசன், எல்லிஸ் ஆகிய மூவர் 1980களின் இறுதியில் செய்த அடுத்த படிக் கணக்கில், இரண்டு குளுவான்களிலிருந்து பாட்டம் இணையும் கூடுதலாக ஒரு குளுவானும் வெளிவரும் வினை இருக்கிறது. அதற்கான வரைபடங்களை எழுதிப் பாருங்கள். கூடுதல் குளுவான் மென்மையாக இருக்கும் மூலையில் அது முதல் வழி போலத் தெரியும். இணையின் இரு குவார்க்குகளும் நெருங்கியிருக்கும் மூலையில் மூன்றாவது வழி போலத் தெரியும். ஒரு குவார்க் கற்றையை ஒட்டிப் போகும் மூலையில் இரண்டாவது வழி போலத் தெரியும். வீச்சுகளைக் கூட்டிய பிறகே வர்க்கப்படுத்துகிறோம் என்பதால் குறுக்கீட்டு உறுப்புகளும் வருகின்றன. அவற்றை எந்த வழியின் கணக்கில் எழுதுவீர்கள்? பாட்டம் குவார்க்கின் மொத்தக் குறுக்குவெட்டு அடுத்த படிக் கணக்கில் முதல் படியைப்போல் ஏறத்தாழ இருமடங்காவதும் இந்தப் புதிய மூலைகள் திறப்பதால்தான் பெரிதும் நிகழ்கிறது. எந்த நிகழ்வு எந்த வழி என்று முத்திரை குத்த முடிவது, வன்மோதலையும் அதன் பின்னான தாரைப்பொழிவையும் (குவார்க்குகளும் குளுவான்களும் மேலும் பிளந்து பெருகுவதையும்) தனித்தனியாக வைத்திருக்கும் உருவகப்படுத்தல் நிரல்களுக்குள் மட்டுமே.

நிறையைப் பற்றியும் ஒன்று சேர்க்க வேண்டும். நிறை அணை போடுவது மெய்தான், ஆனால் அந்த உதவி ஓர் எல்லை வரைக்கும்தான். குறுக்கு உந்தம் நிறையைவிடப் பன்மடங்கு பெரிதாகும்போது, அவ்விரண்டின் விகிதத்தின் மடக்கை தொடரின் ஒவ்வொரு படியிலும் தலைகாட்டிப் பிணைப்பு மாறிலியின் சிறுமையை ஈடுகட்டிவிடும். அந்த மடக்கைகளை எல்லாப் படிகளிலும் திரட்டி மறுகூட்டல் செய்தாக வேண்டும். சிறிய குறுக்கு உந்தத்தில் நிறையை முழுமையாக வைத்துக்கொண்டு, பெரிய குறுக்கு உந்தத்தில் மறுகூட்டலுக்கு மாறி, இரண்டையும் தைத்துத் தரும் எஃப்ஓஎன்எல்எல் முறையைக் காச்சியாரி, கிரேக்கோ, நேசன் ஆகியோர் 1998இல் வெளியிட்டார்கள். உங்கள் அளவீட்டு ஒப்பீட்டுக்கு ஒரு பி ஹேட்ரானின் நிறமாலை தேவைப்பட்டால் அதைத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். கோணம் தேவையென்றால் அது உதவாது. ஒற்றைக் குவார்க்கின் நிறமாலையை மட்டுமே அது தருகிறது.


தேன்சிட்டு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மடக்கை அவர்கள் சொன்னபடி எல்லா வன்மோதல் வினைகளையும் இயக்கினேன். நூறு நிகழ்வுகளில் ஒன்றிரண்டில்தான் பி ஹேட்ரான் இருக்கிறது என்பதால் இரண்டு நாட்களுக்கு மேல் கணினி ஓடியது. சிறுகோண மேடு வந்துவிட்டது, மகிழ்ச்சி. ஆனால் இப்போது இரண்டு புதிய சிக்கல்கள்.

முதலாவது, பழைய பத்து லட்சம் நிகழ்வுகளை வீணாக்க மனமில்லாமல் அவற்றையும் குறுக்குவெட்டுக்கு ஏற்ற எடையோடு புதியவற்றோடு சேர்த்தேன். மொத்தம் அளவீட்டைத் தாண்டிப் போய்விட்டது. இரண்டாவது, சிறுகோண மேட்டின் இடது ஓரத்தில், சுழிக் கோணத்தை ஒட்டிய முதல் கட்டத்தில் மட்டும் ஊசி போல ஓர் உயரம் தெரிகிறது. அடுத்த கட்டத்திலேயே அது காணாமல் போகிறது. பிளக்கும் குளுவானின் ஆற்றல் மிக அதிகமாக இருந்தால் கோணம் சுழியை நெருங்கத்தான் செய்யும் என்று ஊகிக்கிறேன். அது சரியா?


மடக்கை எழுதியது:

முதல் சிக்கல் எளிது. எல்லா வன்மோதல் வினைகளும் என்ற தொகுப்பில் நீங்கள் முன்பு இயக்கிய இரண்டு வினைகளும் ஏற்கெனவே உள்ளன. இரண்டு தொகுப்புகளையும் கூட்டியதால் முதல் வழி இரண்டு முறை எண்ணப்பட்டுவிட்டது. பழைய நிகழ்வுகளை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால், புதிய தொகுப்பில் வன்மோதலிலேயே பாட்டம் இணை பிறந்த நிகழ்வுகளை நீக்கிவிட்டுக் கூட்டுங்கள். அதைச் செய்யும்போது இரு தொகுப்புகளிலும் குறுக்கு உந்தத்தின் கீழ் வரம்பு ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த வரம்பு, நீங்கள் பி ஹேட்ரானுக்கு வைக்கும் குறைந்தபட்சக் குறுக்கு உந்தத்தைவிடத் தெளிவாகக் கீழே இருக்க வேண்டும். இல்லையென்றால் ஹிஸ்டோகிராமின் ஓரங்கள் வெட்டுப்படும்.

ஊசியைப் பற்றிய உங்கள் ஊகம் சரியன்று. குளுவான் பிளவில் இணையின் முழுக் கோணம் சுழியை நெருங்குவது அரிது, அதைத் தடுப்பது மீண்டும் அந்த நிறைதான். இணையின் மொத்த நிறை குறைந்தது பாட்டம் நிறையின் இருமடங்காக இருக்க வேண்டும் என்பதால், பிளவின் வாய்ப்பு, கோணம் நிறைக்கும் ஆற்றலுக்கும் உள்ள விகிதத்துக்குக் கீழே போகும்போது மளமளவென்று குறைந்துவிடும். நூறு கிகா எலக்ட்ரான்வோல்ட் குளுவானுக்கு இது பல டிகிரி அளவில் வரும். செங்குத்துத் தளக் கோணத்துக்குப் பதிலாக இரண்டுக்கும் இடையிலான முழுக் கோணத்தை வரைந்தால், சிறுகோண மேட்டின் உச்சி சுழியில் இல்லாமல் சற்றே வலப்பக்கம் தள்ளி நிற்க வேண்டும். கனமான குவார்க் ஒன்று தன் திசையை ஒட்டிக் குளுவானை உமிழ முடியாத கூம்பு ஒன்று உண்டு. டாக்ஷிட்சர், கோசே, டிரோயன் ஆகியோர் 1991இல் முன்கணித்த அதனை எல்எச்சியின் ஆலிஸ் குழு சார்ம் தாரைகளில் நேரடியாகக் கண்டு 2022இல் வெளியிட்டது. முழுக் கோணத்துக்கான உங்கள் வரைபடத்திலும் அதற்கு உறவான வெற்றிடம் தெரிய வேண்டும்.

அந்த ஊசி எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒரு சந்தேகம். பி ஹேட்ரான்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்? துகள் பட்டியலில் பாட்டம் குவார்க் உள்ள எல்லா ஹேட்ரான்களையும் எடுக்கிறீர்கள் என்றால், கிளர்ந்த நிலையில் பிறக்கும் பி மேசானும் அது ஒரு ஃபோட்டானை உமிழ்ந்து இறங்கும் அடிநிலைப் பி மேசானும் இரண்டு தனி ஹேட்ரான்களாகக் கணக்கில் வந்துவிடும். இரண்டுக்கும் நிறை வேறுபாடு 45 மெகா எலக்ட்ரான்வோல்ட்தான் என்பதால் தாயும் மகளும் ஏறத்தாழ ஒரே திசையில்தான் செல்வார்கள். பாட்டம் குவார்க்கிலிருந்து உருவாகும் அடிநிலைச் சுற்றுப்பாதை மேசான்களில் முக்கால் பங்கு முதலில் கிளர்ந்த நிலையில் பிறப்பவை. தற்சுழற்சி நிலைகளை எண்ணிப் பார்த்தாலே மூன்றுக்கு ஒன்று என்று வந்துவிடும். அதனால் ஊசி உயரமாகத்தான் இருக்கும். மெல்விசையால் சிதைபவற்றை மட்டும், அதாவது தன் சிதைவுப் பொருள்களில் மீண்டும் பாட்டம் ஹேட்ரான் இல்லாதவற்றை மட்டும் எடுங்கள். ஆய்வுக் கருவியும் அவற்றைத்தான் காண்கிறது. பி மேசானின் ஆயுள் ஏறத்தாழ ஒன்றரை பிக்கோ வினாடி. ஐம்பது கிகா எலக்ட்ரான்வோல்ட் உந்தத்தோடு செல்லும் பி மேசான் சராசரியாக நான்கு மில்லிமீட்டர் கடந்த பிறகே சிதைகிறது, அந்தச் சிதைவு முனை மோதல் முனையிலிருந்து பிரிந்து தெரிகிறது. சிஎம்எஸ் அந்த அளவீட்டில் தாரைகளை நம்பாமல் இந்தச் சிதைவு முனைகளைக் கொண்டு கோணத்தை அளந்ததும், சிறுகோணத்தில் இரண்டு பி ஹேட்ரான்களும் ஒரே தாரைக்குள் விழுந்துவிடும் என்பதால்தான்.


பழைய முடுக்கி எழுதியது:

இந்த உரையாடலைப் படித்தபோது டெவட்ரான் காலம் நினைவுக்கு வந்தது. 1990களில் அங்கே அளக்கப்பட்ட பாட்டம் குவார்க் குறுக்குவெட்டு, அடுத்த படிக் கணிப்பைவிட இரண்டு மூன்று மடங்கு மிகுந்து நின்றது. தேன்சிட்டு அவர்களைப் போல வினைகளை விட்டுவிட்டுச் செய்த கணக்கு அன்று அது. நல்ல வல்லுநர்கள் செய்த முறையான கணக்கு. புதிய துகள்கள் பாட்டமாகச் சிதைகின்றனவோ என்று சொல்லும் கட்டுரைகளும் வந்தன.

கடைசியில் மிச்சத்தின் பெரும்பகுதி கிடைத்த இடம் பலரும் கவனிக்காத மூலை: குவார்க் ஹேட்ரானாக மாறும்போது தன் உந்தத்தில் எவ்வளவைக் கொடுக்கிறது என்ற கணக்கு. நிறமாலை குறுக்கு உந்தத்தின் ஏறத்தாழ ஐந்தாம் படியில் சரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஹேட்ரான் நிறமாலையைத் தீர்மானிப்பது உந்தப் பின்னத்தின் சராசரியன்று, அதன் நான்காம் படியின் சராசரி. ஹேட்ரான் எப்போதும் 0.8 பங்கை எடுக்கிறது என்றால் நான்காம் படி 0.41, 0.7 பங்கை எடுக்கிறது என்றால் 0.24. உந்தப் பின்னத்தில் பத்தில் ஒன்று தவறினால் குறுக்குவெட்டில் 1.7 மடங்கு தவறிவிடும். அன்று இந்தப் பின்னத்துக்கு வழக்கமாகப் பயன்படுத்திய ஹேட்ரானாக்கச் சார்பான பீட்டர்சன் சார்பு பாட்டம் குவார்க்கை வேண்டியதைவிட மென்மையாக்கிவிட்டது. எலக்ட்ரான்–பாசிட்ரான் மோதல் தரவுகளிலிருந்து அந்தச் சார்பைப் பொருத்தமான முறையில் மீண்டும் எடுத்து, மறுகூட்டலையும் சேர்த்து, புதிய அளவீடுகளோடு ஒப்பிட்டபோது, 2004 வாக்கில் முரண்பாடு பிழைப்பட்டைக்குள் அடங்கிவிட்டது. புதிய துகள் தேவைப்படவில்லை. பத்தாண்டுக்கு மேல் நீடித்த புதிர் ஒன்று ஒரு சார்பின் வடிவத்தில் கரைந்ததில் அன்று பலருக்கு ஏமாற்றம். எனக்கு அது இன்றும் பிடித்த கதை.

கண்ணிவரை அவர்களுக்கு ஓர் இடைச்செருகல்: எலக்ட்ரான் மோதலில் எடுத்த சார்பைப் புரோட்டான் மோதலுக்கு அப்படியே கொண்டுவருவதும் முழுப் பாதுகாப்பானது அன்று. சார்ம் குவார்க் லாம்டா-சி பேரியானாக மாறும் பங்கு எலக்ட்ரான்–பாசிட்ரான் மோதலில் 6 சதவீத அளவில் இருக்க, புரோட்டான் மோதலில் ஆலிஸ் குழு அதை ஏறத்தாழ 20 சதவீதம் என்று கண்டது. சார்ம் குவார்க்கைக் கொண்ட டி மேசான்களை மட்டும் அளந்துவிட்டுப் பழைய பங்குகளைக் கொண்டு மொத்தச் சார்மை ஊகித்தவர்களின் விடைகள் அதனால் குறைவாக வந்திருந்தன. சுற்றிலும் நிறமேற்ற குவார்க்குகளும் குளுவான்களும் அடர்ந்திருக்கும் இடத்தில், கனமான குவார்க் தன் துணையைத் தேர்ந்தெடுக்கும் விதம் மாறுகிறது என்றே நினைக்க வேண்டியிருக்கிறது.


கண்ணிவரை எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டாப் குவார்க் இந்தத் தொல்லையிலிருந்து தப்பிவிடுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். அதன் ஆயுள் இரண்டாயிரம் கோடி கோடி கோடியில் ஒரு பங்கு வினாடி என்றெல்லாம் எழுதி வாசகரைத் திணறடிக்க விரும்பவில்லை. ஹேட்ரான் உருவாகத் தேவைப்படும் நேரத்தைவிட அது குறைவு என்பதே போதும். ஹேட்ரானாக மாறுமுன்பே சிதைந்துவிடுவதால் அதற்கு ஹேட்ரானாக்கச் சார்பே தேவையில்லை. தேன்சிட்டு அவர்கள் கேட்ட சில சதவீதத் துல்லியத்துக்கு இதுவும் ஒரு காரணம். மற்றொன்று, அதற்கும் அடுத்த படி வரையிலான மொத்தக் குறுக்குவெட்டுக் கணக்கைச் சாக்கன், ஃபீட்லர், மிட்டோவ் ஆகியோர் 2013இலேயே முடித்துவிட்டது. பாட்டம் குவார்க்குக்கு அதே படிக் கணக்கு முழுமையாக வர மேலும் சில ஆண்டுகள் பிடித்தன.


தேன்சிட்டு எழுதியது:

மடக்கை ஐயா, நீங்கள் சந்தேகப்பட்டது அப்படியே நடந்திருந்தது. துகள் பட்டியலில் பாட்டம் இருந்தால் எடு என்று ஒரே வரியில் எழுதியிருந்தேன். ஊசிக்குள் விழுந்த நிகழ்வுகளில் இருபதை எடுத்துத் தாய்–மகள் எண்களைக் கையால் பின்தொடர்ந்தபோது இருபதும் கிளர்ந்த பி மேசானும் அதன் மகளும்தான். மெல்விசையால் சிதைபவற்றை மட்டும் வைத்தபின் ஊசி மறைந்துவிட்டது. முழுக் கோணத்தை வரைந்தபோது மேட்டின் உச்சி சுழியிலிருந்து விலகி நிற்கிறது. முன்னணித் தாரைக்கான வரம்பை உயர்த்தினால் உச்சி இடப்பக்கம் நகர்கிறது, ஆனால் சுழியைத் தொடுவதில்லை.

இரட்டை எண்ணிக்கையையும் நீக்கிவிட்டேன். வடிவம் இப்போது அளவீட்டோடு ஓரளவு பொருந்துகிறது. மொத்த அளவு இன்னும் சற்று விலகியே இருக்கிறது. பழைய முடுக்கி அவர்களின் பதிவைப் படித்தபின், அந்த விலகலைக் கண்டு நிரலின் குறுக்குவெட்டை ஒரு பெருக்கெண்ணால் உயர்த்தும் முன், ஹேட்ரானாக்கச் சார்பை மாற்றி ஒரு முறை ஓட்டிப் பார்க்கப் போகிறேன். கணினிக்கு மீண்டும் இரண்டு நாள் வேலை.